வைசூரியை வென்ற கிராம வைத்தியர்

மனித குலத்துக்கு மிகப் பெருந்தொண்டு புரிந்த விஞ்ஞானி யாவர் என்னும் வினா இளைஞர் கூடும் இடந்தோறும் எழுவதொன்று. விவாத மேடை ஏறும் ஒருவர் நியூற்றனை முன்னிறுத்துவர். மரத்தினின்று வீழும் கனியையும் வானிற் சுழலும் திங்களையும் ஒரே விதிக்குள் அடக்கிக் காட்டிய பேரறிவு அவருடையது என்பர். இன்னொருவர் பரடேயின் பெயரைச் சொல்லுவர். 1831 ஆம் ஆண்டில் அவர் கம்பிச் சுருளுக்கும் காந்தத்துக்கும் இடையே கண்ட உறவே இன்று வீடுதோறும் விளக்காக எரிகின்றது என்பர். பாஸ்டருக்கும், 1928 ஆம் ஆண்டில் பெனிசிலினைக் கண்ட பிளெமிங்குக்கும் பரிந்து பேசுவாரும் உளர். காற்றிலுள்ள நைதரசனை அமோனியாவாக்கி உரம் சமைக்க வழிகண்ட ஹேபரின் பெயரும் அடிபடும். அவர் பெயர் வந்தவுடன் மறுதரப்பார் எழுந்து, 1915 ஆம் ஆண்டில் ஈப்பர் போர்க்களத்தில் குளோரீன் நச்சுவாயுவை ஏவுவதற்கு முன்னின்றவரும் அவரே என்று நினைவூட்டுவர். மணி அடிக்கும், விவாதம் முடியும், வினா மட்டும் முடியாது நிற்கும்.

இவ்விவாதங்கள் முடிவு காணாமைக்குக் காரணம் அளவுகோல் இன்மையே என்பது எமது கருத்து. அறிவின் ஆழத்தை அளப்பதா, பயனின் அகலத்தை அளப்பதா என்று தீர்மானியாமலே நாம் வாதாடத் தொடங்குகின்றோம். அறிவின் ஆழமே அளவாயின் நியூற்றனை மிஞ்சுவார் அரியர். ஆயின் மனித குலத்துக்குச் செய்த தொண்டு என்பதே கேள்வி. ஆதலால் நாம் மூன்று அளவுகளைக் கொள்கின்றோம். அக்கண்டுபிடிப்பினாற் காக்கப்பட்ட உயிர்கள் எத்தனை? அதன் பயன் ஏழைக்கும் எட்டியதா? அது மனிதனைக் கொல்லும் கருவியாக மாறிற்றா? இம்மூன்றையும் வைத்துப் பார்க்கையில், விவாத மேடைகளில் அதிகம் பேசப்படாத ஒரு பெயர் எம்முன் வந்து நிற்கின்றது. இங்கிலாந்தின் ஒரு சிற்றூரில் குதிரையேறி நோயாளர் வீடுகளுக்குச் சென்றுவந்த வைத்தியர் எட்வேட் ஜென்னர் என்பதே அப்பெயர்.

கொடிய நோய்

ஜென்னரின் பெருமையை உணரவேண்டுமாயின் அவர் எதிர்த்து நின்ற பகையை முதலில் உணரவேண்டும். வைசூரி என்றும் பெரியம்மை என்றும் நம் முன்னோர் அழைத்த அந்நோயை இக்கால இளைஞர் எவரும் கண்டதில்லை. இன்றும் நம் வீடுகளுக்கு வந்து போகும் கொப்புளிப்பான் வேறு, அது வேறு. கடுங்காய்ச்சலும் முதுகு வலியும் முதலில் தோன்றும். பின்னர் முகத்திலும் கைகால்களிலும் சீழ்க்கொப்புளங்கள் நெருங்கிக் கிளம்பும். கண்டவரிற் பத்துக்கு மூவர் அளவில் மடிவர். பிழைத்தவர் முகத்தில் தழும்பு வாழ்நாள் முழுதும் நிற்கும். பலருக்குக் கண்பார்வை போகும். பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் மாத்திரம் ஆண்டுதோறும் நான்கு இலட்சம் பேர் வரை இந்நோயால் இறந்தனர் எனக் கணக்கிடுவர். அரண்மனையென்றும் குடிசையென்றும் அது பார்க்கவில்லை. பிரான்சிய மன்னன் பதினைந்தாம் லூயி 1774 ஆம் ஆண்டில் வைசூரி கண்டே இறந்தான்.

நம் நாட்டிலும் பாரதத்திலும் இந்நோய்க்கு மக்கள் கொடுத்த பெயரிலேயே அவர்களுடைய அச்சமும் பக்தியும் விளங்கும். அம்மை என்றால் தாய். மாரியம்மன் சந்நிதியிலும் கண்ணகி அம்மன் சந்நிதியிலும் வேப்பிலை ஏந்தி நின்று, தாயே குளிர்ந்தருள் என்று மன்றாடுவதைத் தவிர வேறு கதி அன்றைய மக்களுக்கு இருக்கவில்லை. மட்டக்களப்பு நாட்டுக் கண்ணகி அம்மன் கோயில்களில் இன்றும் நடைபெறும் குளிர்த்திச் சடங்கு அவ்வெம்மை தணியவேண்டி எழுந்த வேண்டுதலின் எச்சமே. மிஷன் பாடசாலை ஒன்றிற் பயின்ற நாம், விஞ்ஞான பாடத்தில் ஜென்னரைப் படித்துவிட்டு வீடு திரும்பிப் பாட்டியாரிடம் அம்மாளின் கதைகளைக் கேட்டதுண்டு. அக்காலத்தில் இவ்விரண்டும் ஒன்றோடொன்று பகைப்பன போல எமக்குத் தோன்றின. பகை இல்லை என்பதைப் பின்னரே உணர்ந்தோம்.

இளமை

இங்கிலாந்தின் மேற்கே, குளொஸ்ரர் மாகாணத்தில், செவேண் ஆற்றுக்கு அண்மையில் பார்க்லி என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே தேவாலயக் குருவாக இருந்த ஸ்ரீபன் ஜென்னருக்கு ஒன்பது பிள்ளைகள். அவர்களுள் எட்டாவது பிள்ளையாக எட்வேட் 1749 ஆம் ஆண்டு மே மாதம் 17 ஆந் திகதி பிறந்தார். ஐந்து வயதிலேயே தாயையும் தந்தையையும் சில மாத இடைவெளிக்குள் இழந்தார். தந்தையின் பெயரையே தாங்கிய மூத்த தமையனார் அவரை வளர்த்தெடுத்தார்.

எட்டு வயதளவில் அவருக்கு நேர்ந்த ஓர் அநுபவத்தை இங்கே குறிப்பிடுதல் வேண்டும். வைசூரி கண்டவரின் கொப்புளத்திலிருந்து சிறிது சீழை எடுத்து, நோயற்றவரின் தோலைக் கீறி உட்செலுத்தினால், நோய் மெல்ல வந்து போகும். பின்னர் வாழ்நாளில் அது அணுகாது. இம்முறை கீழைத் தேசங்களில் வெகுகாலமாக வழங்கியது. வங்காளத்தில் டீக்காதார் எனப்படுவோர் ஊரூராகச் சென்று இதனைச் செய்துவந்தனர். அவர்கள் கைக்கொண்ட முறையை ஹொல்வெல் என்பவர் 1767 ஆம் ஆண்டில் இலண்டன் வைத்தியர்களுக்கு விரிவாக எழுதியறிவித்தார். துருக்கியில் இதனைக் கண்ட மேரி மொண்டேகு சீமாட்டி 1721 ஆம் ஆண்டில் இலண்டனில் தம் மகளுக்குச் செய்வித்து, அந்நாட்டில் இது பரவ வழிசெய்தார். ஆனால் இது இருபுறமும் கூரான கத்தி. குத்தப்பட்டவருள் நூற்றுக்கு ஒருவர் இருவர் இறப்பர். அன்றியும், குத்தப்பட்டவரிடமிருந்து உண்மையான வைசூரியே அயலாருக்குப் பரவக்கூடும்.

சிறுவன் எட்வேட்டுக்கும் இதுவே செய்யப்பட்டது. அக்கால வழக்கப்படி முன்னதாகப் பல நாள் பட்டினி போட்டு, பேதி கொடுத்து, இரத்தமும் வடித்தனர். பின்னர் குத்திவிட்டு, வேறு பிள்ளைகளோடு ஒரு குதிரை லாயத்தில் அடைத்து வைத்தனர். அவர் பிழைத்தார். எனினும் அவ்வேதனையை அவர் ஆயுள் முழுவதும் மறக்கவில்லை. பிள்ளைகளை இவ்வளவு வாட்டாத ஒரு வழி இல்லையா என்ற ஏக்கத்தின் வித்து அந்த லாயத்திலேயே விழுந்தது எனலாம்.

பயிற்சி

பதினான்கு வயதளவில் அவர் சிப்பிங் சொட்பரி என்னும் ஊரில் ஒரு சத்திர வைத்தியரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். பால் கறக்கும் பெண்ணொருத்தி அங்கு வந்து, தனக்குப் பசு அம்மை ஏற்கனவே வந்துவிட்டமையால் வைசூரி இனி வராது என்று பெருமையோடு கூறியதாகவும், அச்சொல்லே அவர் மனத்திற் பதிந்ததாகவும் ஒரு கதை பாடப்புத்தகங்களில் உண்டு. அழகிய கதைதான். ஆயின் இக்கால ஆராய்ச்சியாளர் இதனைப் பிற்காலத்துக் கட்டுக்கதையாகவே கருதுகின்றனர். ஒன்று மட்டும் உறுதி. பசுவின் மடியிற் காணும் சிறு கொப்புளங்கள் கறப்பவரின் கைக்குத் தொற்றும் என்பதும், அப்படித் தொற்றியவரை வைசூரி அணுகாது என்பதும் அப்பகுதிக் கமக்காரர் பலர் அறிந்திருந்த செய்தியே. படித்தவர்கள் அதனைக் கேட்டார்கள், ஆனால் மதிக்கவில்லை.

இருபத்தொரு வயதில் ஜென்னர் இலண்டன் சென்று, புனித ஜோர்ஜ் வைத்தியசாலையில் புகழ்பெற்ற சத்திர வைத்தியர் ஜோன் ஹண்டரிடம் மாணவரானார். ஹண்டர் நூல்களைவிடக் கண்களை நம்பியவர். ஊகித்துக்கொண்டிருப்பதை விட்டுச் சோதித்துப் பார்க்கவேண்டும், அதுவும் பொறுமையோடும் பிழையின்றியும் பார்க்கவேண்டும் என்பதே அவர் மாணவருக்குக் கொடுத்த உபதேசம். குருவும் சீடரும் அன்றுமுதல் ஹண்டர் இறக்கும்வரை, அதாவது 1793 வரை, கடிதத் தொடர்பு விடாதிருந்தனர்.

கப்பல் தலைவன் குக் தன் முதற் பயணத்திலிருந்து திரும்பியபோது உடன் சென்ற ஜோசப் பாங்ஸ் கொண்டுவந்த அரும்பொருள்களை வகைப்படுத்தும் பணி ஜென்னருக்குக் கிடைத்தது. அடுத்த பயணத்திற் சேருமாறு அவருக்கு அழைப்பும் வந்தது. இலண்டனிலே தங்கியிருந்தால் பொருளும் புகழும் சேர்ந்திருக்கும். அவர் இரண்டையும் விடுத்துப் பிறந்த ஊருக்கே திரும்பினார். பட்டம் பெற்றதும் ஊரை மறக்கும் நம்மவர் இதனைச் சற்றுச் சிந்தித்தல் நன்று.

பார்க்லியில் அவர் வாழ்வு எளியது. நோயாளரைப் பார்ப்பார், வயலோரங்களிற் பறவைகளைக் கவனிப்பார், வயலின் வாசிப்பார், பாட்டும் எழுதுவார். நம் நாட்டுக் குயில் காகத்தின் கூட்டில் முட்டையிடுவது போல, இங்கிலாந்துக் குக்கூப் பறவை சிறு குருவிகளின் கூட்டில் முட்டையிடும். அங்கே குருவிக்குஞ்சுகளை வெளியே தள்ளுவது தாய்ப்பறவை என்றே பலர் நினைத்திருந்தனர். ஜென்னர் காத்திருந்து பார்த்தார். கண் திறவாத குக்கூக் குஞ்சே தன் முதுகிலுள்ள குழிவில் முட்டைகளையும் குஞ்சுகளையும் ஏந்தி வெளியே தள்ளுவதையும், சில நாள்களில் அக்குழிவு மறைந்துவிடுவதையும் கண்டெழுதினார். இக்கட்டுரைக்காகவே 1789 ஆம் ஆண்டில் இலண்டன் றோயல் சங்கம் அவரை அங்கத்தவராக ஏற்றது. பலர் அதனை நம்ப மறுத்தனர். இருபதாம் நூற்றாண்டில் எடுத்த படங்கள் அவர் கண்டதே உண்மை என நிறுவின. பிறர் நகைத்தாலும் தான் கண்டதையே சொல்லும் இயல்பு அவரிடம் அப்போதே அமைந்திருந்தது.

1796 மே 14

ஊருக்குத் திரும்பிய பின் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பசு அம்மை பற்றிய செய்திகளை ஜென்னர் திரட்டிவந்தார். வைசூரிச் சீழ் குத்தச் செல்லும் இடங்களில், எத்தனை முறை குத்தினாலும் சிலருக்கு அது பற்றாதிருப்பதைக் கண்டார். விசாரித்தால், அவர்கள் முன்னர் மாடுகளிடமிருந்து அம்மை பெற்றவர்களாக இருப்பார்கள். இத்தகைய பலருடைய வரலாறுகளைக் குறித்துவைத்தார். ஆனால் தற்செயலாகத் தொற்றிய அம்மை காப்பது ஒன்று; ஒருவர் வேண்டுமென்றே எடுத்து இன்னொருவருக்கு ஏற்றினாலும் அது காக்குமா என்பது வேறொன்று. அதற்குச் சோதனை தேவை. பசு அம்மையோ எப்போதும் காண்பதன்று. அது வரும்வரை காத்திருந்தார்.

1796 ஆம் ஆண்டில் புளொசம் என்னும் பசுவிடமிருந்து சாரா நெல்ம்ஸ் என்ற பாற்காரப் பெண்ணின் கையில் அம்மை தொற்றியது. மே மாதம் 14 ஆந் திகதி, அவள் கைக்கொப்புளத்து நீரை எடுத்து, ஒரு தொழிலாளியின் மகனான எட்டு வயதுச் சிறுவன் ஜேம்ஸ் பிப்ஸின் புயத்தில் சிறு கீறல்கள் இரண்டு இட்டு ஏற்றினார் ஜென்னர். சிறுவனுக்கு ஏழாம் நாளில் அக்குளில் நோவு கண்டது, ஒன்பதாம் நாள் சிறிது குளிரும் தலைவலியும், மறுநாள் சுகம். ஏழு வாரங்களின் பின், ஜூலை முதலாந் திகதி, அச்சிறுவனுக்கே உண்மையான வைசூரிச் சீழைக் குத்தினார். நோய் வரவில்லை. சில மாதங்களின் பின் மறுபடியும் குத்தினார். அப்போதும் வரவில்லை.

இங்கே நாம் ஒரு கணம் நிற்கத்தான் வேண்டும். ஓர் ஏழைச் சிறுவனுக்குக் கொல்லும் நோயின் சீழைக் குத்திச் சோதித்தல் தருமமா? இன்றைய வைத்திய நெறி இதனை அநுமதியாது. ஜென்னரின் பக்கம் சொல்லத்தக்கன சில உண்டு. வைசூரிச் சீழ் குத்துதல் அக்காலத்தில் நாளாந்தம் பிள்ளைகளுக்குச் செய்யப்பட்ட வைத்தியம். அச்சிறுவனும் எந்நேரமும் அதற்கு உட்படக் கூடியவனே. பிப்ஸை மட்டும் அன்று, 1798 ஆம் ஆண்டில் தம் சொந்த மகனான பதினொரு மாதக் குழந்தை றொபேட்டையும் அவர் சோதனைக்கு உட்படுத்தினார். ஆனால் அக்குழந்தைக்கு மருந்து பற்றவில்லை. இவற்றால் குற்றம் குறையலாமேயன்றி வினா மறையாது. கேட்காமலே கொடுத்த ஒரு சிறுவனின் கையில் நம் எல்லோருடைய நலமும் தொடங்கிற்று என்பதை மறவாதிருத்தலே நாம் செய்யக்கூடிய கைம்மாறு.

எதிர்ப்பும் வெற்றியும்

றோயல் சங்கத்தார் அவர் அனுப்பிய கட்டுரையை ஏற்கவில்லை. ஒரு சிறுவனின் சான்று போதாது என்றனர். ஜென்னர் சினக்கவில்லை. மீண்டும் பசு அம்மை தோன்றும்வரை ஈராண்டு காத்திருந்து, மேலும் பல பிள்ளைகளுக்கு ஏற்றி, ஒரு பிள்ளையின் கையிலிருந்து மறு பிள்ளைக்கெனச் சங்கிலி போலக் கொண்டுசெல்லலாம் என்பதையும் கண்டார். பசு இல்லாத ஊருக்கும் மருந்து செல்ல இதுவே வழியாயிற்று. 1798 ஆம் ஆண்டில் இருபத்துமூன்று வரலாறுகள் அடங்கிய சிறு நூலொன்றைத் தம் பொறுப்பிலேயே வெளியிட்டார்.

நூலோடு இலண்டன் சென்று மூன்று மாதம் அளவில் தங்கியும், குத்திக்கொள்ள ஒருவரும் முன்வரவில்லை. பின்னர் ஹென்றி கிளைன் என்ற சத்திர வைத்தியர் அவர் விட்டுச்சென்ற மருந்தை ஒரு பிள்ளைக்கு ஏற்றி வெற்றி கண்டார். அதன் பிறகு வேண்டுவோரும் பெருகினர், வைவோரும் பெருகினர். மருந்தேற்றிய பிள்ளைகளுக்கு மாட்டு முகம் வருமென்று பட்டம் பெற்ற வைத்தியர்களே எழுதினர். குத்திக்கொண்டவரின் உடலெங்கும் மாட்டுத்தலைகள் முளைப்பதாக 1802 ஆம் ஆண்டில் கேலிச்சித்திரம் வரைந்து விற்றனர். ஓர் வைத்தியசாலையில் பசு அம்மை நீரோடு வைசூரியும் கலந்துவிட, அதனால் நேர்ந்த தீங்குக்கும் பழி ஜென்னர்மேலேயே வந்தது.

அவர் கூறியவற்றிற் பிழைகளும் இருந்தன. ஒரு முறை ஏற்றினால் ஆயுள் முழுவதும் காக்கும் என்றார். ஆண்டுகள் செல்லச் செல்லக் காப்புக் குறையும், மறுபடி குத்தவேண்டும் என்பது பின்னர் தெரிந்தது. கிருமிகள் பற்றி அவர் காலத்தில் எவரும் அறியார்; ஆகவே தம் மருந்து ஏன் காக்கிறது என்பதை அவராற் சொல்ல முடியவில்லை. முதன்மையும் முற்றாக அவருடையதன்று. டோசெட் மாகாணத்துக் கமக்காரர் பெஞ்சமின் ஜெஸ்ற்றி 1774 ஆம் ஆண்டிலேயே தம் மனைவிக்கும் மைந்தர் இருவருக்கும் பசு அம்மையை ஊசியால் ஏற்றியிருந்தார். அதற்காக அயலாரின் வசையையும் ஏற்றார். எனினும் ஜெஸ்ற்றி தம் குடும்பத்தைக் காத்தார். ஜென்னரோ சோதித்து, எழுதி, மருந்தையும் முறையையும் கேட்டவர்க்கெல்லாம் அனுப்பி உலகத்தைக் காத்தார். கண்டுபிடிப்புக்கும் தொண்டுக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

இம்முறையை இரகசியமாக வைத்து விற்றிருந்தால் அவர் பெருஞ் செல்வராகியிருப்பார். அவரோ தம் வீட்டுத் தோட்டத்துச் சிறு குடிலில் ஏழைகளுக்கு இலவசமாகக் குத்தினார். உலகெங்குமிருந்து வந்த கடிதங்களுக்கு விடை எழுதுவதிலேயே பொழுது கழிந்தது. வைத்தியத் தொழில் குன்றியது. பாராளுமன்றம் 1802 ஆம் ஆண்டில் பத்தாயிரம் பவுணும் 1807 இல் இருபதாயிரம் பவுணும் வழங்கி அவரைக் காத்தது. இங்கிலாந்தோடு போர் புரிந்துகொண்டிருந்த நெப்போலியனும் தன் படையினருக்கு அம்மைப்பால் குத்துவித்தான். ஜென்னர் கேட்டமையாற் சில ஆங்கிலேயக் கைதிகளை விடுவித்தான் என்றும் கூறுவர்.

கடல் கடந்த மருந்து

குளிர்சாதனம் இல்லாத அக்காலத்தில் மருந்தை உயிரோடு கொண்டுசெல்வதே பெரும்பாடு. 1803 ஆம் ஆண்டில் ஸ்பானிய மன்னன் அனுப்பிய கப்பலில் இருபத்திரண்டு அநாதைச் சிறுவர் ஏற்றப்பட்டனர். வழி நெடுகக் கைக்குக் கையாக ஏற்றப்பட்டு, அவர்கள் உடலிலேயே மருந்து அமெரிக்கக் கண்டம் சேர்ந்தது. அச்சிறுவர்களுக்குச் சிலை வைத்தவர் சிலர். அவர்களை நினைப்பவர் அதனினும் சிலர்.

நம் பகுதிக்கு மருந்து வந்த வழி வேறு. வியன்னாவிலிருந்து கொன்ஸ்தாந்திநோப்பிள், பக்தாத், பாஸ்ரா வழியாக அது பம்பாயை அடைந்தது. 1802 ஆம் ஆண்டு ஜூன் 14 ஆந் திகதி அன்னா டஸ்தால் என்ற மூன்று வயதுச் சிறுமிக்கு ஏற்றப்பட்டதே பாரதத்தில் முதல் அம்மைக்குத்து. அதே ஆண்டில் அது இலங்கைக்கும் வந்தது. தோமஸ் கிறிஸ்ரி என்ற வைத்திய அதிகாரி அதனை இங்கே பரப்பினார். பார்க்லியில் ஜேம்ஸ் பிப்ஸின் புயம் கீறப்பட்ட 1796 ஆம் ஆண்டே ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து நம் கரையோரங்களைக் கைப்பற்றிய ஆண்டு என்பதும் நினைக்கத்தக்கது. ஆறே ஆண்டுகளில் ஓர் ஆங்கிலக் கிராமத்து அறிவு நம் கரையைத் தொட்டுவிட்டது. வங்காளம், பம்பாய், சென்னை ஆகிய இடங்களிலிருந்தும் ஜென்னருக்கு நன்றிப் பணம் திரட்டி அனுப்பினர்.

இவ்விடத்தில் இந்து இளைஞராகிய நமக்கு ஒரு சோதனை உண்டு. 1819 ஆம் ஆண்டில் சென்னைப் பத்திரிகை ஒன்றில் ஒரு கடிதம் வெளிவந்தது. தன்வந்திரி பெயரிலான பழஞ் சமஸ்கிருத நூலொன்றில் பசு மடிக்கொப்புளத்து நீரைக் கையில் ஏற்றும் முறை சொல்லப்பட்டுள்ளது என்பது அதன் சாரம். அச்செய்தி நூலுக்கு நூல் தாவி இன்றும் மேடைகளில் ஒலிக்கின்றது. ஆயின் சமஸ்கிருத வைத்திய நூல்களைத் துருவி ஆராய்ந்த அறிஞர் அத்தகைய பகுதி எதனையும் காணவில்லை. டீக்காதாரின் கைமுறை உண்மை வரலாறு. அதனை நாம் தலைநிமிர்ந்து சொல்லலாம். உண்மைப் பெருமை இருக்கப் பொய்ப் பெருமையைத் தேடுவது நம் முன்னோரை உயர்த்துவதன்று. அவர்களைப் பொய்ச்சாட்சிக்கு இழுப்பதாகும். வாய்மையை முதல் அறமாகக் கொண்ட சமயம் நம்முடையது.

இன்னொன்றும் சொல்லலாம். பசுவைக் குறிக்கும் வக்கா என்ற இலத்தீன் சொல்லிலிருந்தே வக்சீன் என்னும் பெயர் பிறந்தது. பின்னர் பாஸ்டர், தாம் கண்ட மற்றைத் தடுப்பு மருந்துகளுக்கும் அப்பெயரையே ஜென்னரின் நினைவாக வழங்கச் செய்தார். ஆகவே இன்று உலகில் எந்தத் தடுப்பு மருந்தின் பெயரிலும் ஒரு பசு நிற்கின்றது. கோமாதாவை வணங்கும் நமக்கு இது மகிழ்ச்சி தருவதே.

அந்திய காலம்

புகழ் வந்தபோது வீட்டில் துயரமும் வந்தது. மூத்த மகன் 1810 ஆம் ஆண்டிலும், மனைவி கதரின் 1815 ஆம் ஆண்டிலும் காசநோயால் மறைந்தனர். உலகத்தாரின் பிள்ளைகளைக் காத்தவராற் சொந்த மகனைக் காக்க முடியவில்லை. அதன்பின் ஜென்னர் பார்க்லியை விட்டு அதிகம் நீங்கவில்லை. ஜேம்ஸ் பிப்ஸ் வளர்ந்து குடும்பத்தவனானபோது அவனுக்கு வாடகையின்றி ஒரு வீடு கொடுத்து, அதன் முற்றத்தில் ரோசாச் செடிகளைத் தம் கையாலேயே நட்டார் என்பர். 1823 ஆம் ஆண்டு ஜனவரி 26 ஆந் திகதி, எழுபத்துமூன்றாம் வயதில், பாரிசவாதத்தால் உயிர் நீத்தார். தந்தை குருவாகப் பணிசெய்த தேவாலயத்திலேயே அடக்கம் நடந்தது. துக்கத்தோடு வந்தவர்களுள் பிப்ஸும் ஒருவன்.

அவர் தொடங்கிய பணி முடிய இன்னும் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற் சென்றது. 1967 ஆம் ஆண்டில் உலக சுகாதார தாபனம் இறுதி முயற்சியைத் தொடங்கியபோதும், அவ்வோராண்டில் ஏறத்தாழ இருபது இலட்சம் பேர் வைசூரியால் இறந்தனர். சுகாதாரத் தொண்டர்கள் வீடு வீடாகச் சென்றனர். பாரதத்தில் 1975 ஆம் ஆண்டோடு நோய் ஒழிந்தது. 1977 ஒக்டோபரில் சோமாலியாவில் ஓர் இளைஞருக்குக் கண்டதே இயற்கையாகப் பரவிய கடைசி வைசூரி, அவரும் பிழைத்தார். 1980 மே 8 ஆந் திகதி, உலகம் வைசூரியினின்று விடுபட்டது என உலக சுகாதார சபை பிரகடனஞ் செய்தது. மனிதரைப் பீடித்த நோய்களுள் மனிதன் முற்றாக ஒழித்தது இன்றுவரை இதுவொன்றே.

தீர்ப்பு

இனி எமது விவாதத்துக்கு வருவோம். காத்த உயிர்கள் எண்ணிலடங்கா. ஏழையின் குடிசைக்கும் அது இலவசமாகச் சென்றது. கொல்லும் கருவியாக அது மாறவில்லை. ஆகவே எமது கை ஜென்னருக்கே உயரும். ஆயினும் உயர்த்திய கையைப் பார்க்கும்போது ஒன்று தோன்றுகின்றது. பெயர் அறியாத டீக்காதார், சாரா நெல்ம்ஸ், சிறுவன் பிப்ஸ், ஜெஸ்ற்றி, கப்பலேறிய அநாதைகள், வெயிலில் நடந்த சுகாதாரத் தொண்டர் ஆகியோருள் ஒருவர் இல்லாதிருப்பினும் சங்கிலி அறுந்திருக்கும். பெரிய விஞ்ஞானி என்பவர் தனித்து நின்ற மலையல்லர். எளியோர் அறிந்திருந்த உண்மைக்குச் செவி சாய்த்து, அதனைச் சோதித்து, மீண்டும் எளியோருக்கே கொடுத்தவர்.

இதனை வாசிக்கும் முதியோர் தம் மேற்புயத்தை ஒரு முறை பார்ப்பாராக. சிறுவயதில் அம்மைப்பால் குத்திய தழும்பு அங்கே இருக்கும். எமது பாட்டியாரின் புயத்திலும் அது உண்டு. எம் புயத்தில் இருப்பது காசநோய்க்காகக் குத்திய தழும்பு. வைசூரிக்குரிய தழும்பு எமக்கு இல்லை. தேவையில்லை என்பதால் இல்லை. 2021 ஆம் ஆண்டில் கொரோனாவுக்காக நாம் வரிசையில் நின்று ஊசி போட்டுக்கொண்டபோது, பக்கத்தில் நின்ற பாட்டியார் அம்மாளை நினைத்துக் கும்பிட்டுவிட்டே கையை நீட்டினார். கும்பிட்ட கையும் நீட்டிய கையும் ஒரே கை. தாயின் அருள் மனிதனின் அறிவு வழியாகவும் வரக்கூடும் என்பதை அன்று எமக்கு உணர்த்தியவர் அவரே.

இளைஞர்களே, விவாதம் தொடரட்டும். நியூற்றனுக்கும் பரடேக்கும் வாதாடுவோர் வாதாடுக. ஆனால் தீர்ப்புச் சொல்லுமுன் உங்கள் வீட்டு முதியவரின் புயத்துத் தழும்பை ஒரு முறை தொட்டுப் பாருங்கள்.